கச்சிராயபாளையம் சாலையில் ஒரு தொலைநோக்கி

1987 செப்டம்பரில், கல்வராயன் மலையில் கரியாலூருக்குப் பக்கத்துச் சாமைக் கொல்லை ஒன்றில் தொலைநோக்கி ஒன்று வந்து விழுந்தது. அங்கே விழ வேண்டியதல்ல அது. ஆந்திரப் பக்கம் ஒரு மைதானத்திலிருந்து பெரிய பலூனில் கட்டி மேலே அனுப்பப்பட்டது. வேலை முடிந்ததும் கீழிருந்து சமிக்ஞை கொடுத்தால் கயிறு அறுந்து, பாராசூட்டில் பக்கத்திலேயே இறங்கியிருக்க வேண்டும். சமிக்ஞை போனது, கயிறு அறுபடவில்லை. காற்று அதைத் தெற்கே தள்ளிக்கொண்டே வந்தது. கடைசியில் கருவிக்குள் இருந்த கடிகாரம் கயிற்றை அறுத்தபோது கீழே தென்னாற்காடு மாவட்டம் இருந்தது.

அதை எடுத்துவர அம்சவள்ளியை அனுப்பினார்கள். ஆராய்ச்சிக் குழுவில் தமிழ் பேசுகிறவள் அவள் ஒருத்திதான். களமருதூரில் குத்தகைக்கும் கொஞ்சம் சொந்தமாகவும் நெல் போட்டுவந்த கொளஞ்சியப்பனின் மூத்த மகள். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அனுப்பியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கருவியோடு போன கேமரா, முனைவர் பட்ட ஆராய்ச்சிக்காக அவளே செய்தது.

நம் பால்வீதியின் நடுப்பகுதியைச் சாதாரணத் தொலைநோக்கியில் பார்க்க முடியாது. வழியெல்லாம் தூசி மறைத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் நடுப்பகுதிக்கு அருகில் இருக்கும் தூசி, அங்குள்ள நட்சத்திரங்களின் வெப்பத்தை வாங்கிக்கொண்டு, தானே கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை வெளியே விடுகிறது. அந்தக் கதிரைப் பிடித்தால் தூசி எங்கே அடர்ந்திருக்கிறது, எங்கே வெப்பம் அதிகம் என்று படமாகவே வரைந்துவிடலாம். அந்தக் கதிர் தரை வரை வந்து சேராது. காற்றில் இருக்கும் ஈரம் குடித்துவிடும். அதற்குத்தான் பலூன்.

கதிரின் அளவுகளைக் கருவி அவ்வப்போது வானொலி அலையாகக் கீழே அனுப்பியிருந்தது. அவை பத்திரமாக இருந்தன. ஆனால் பலூனில் தொங்கும் தொலைநோக்கி ஒரு நிலையில் நிற்காது, ஆடும், சுழலும். எந்த அளவு வானத்தின் எந்த இடத்திலிருந்து வந்தது என்று தெரிவதற்காக, கூடவே ஒரு சின்ன கேமரா நட்சத்திரங்களைப் படம் எடுத்துக்கொண்டே போனது. அந்தப் படச்சுருள் மலையில் கிடந்தது. அது இல்லாவிட்டால் கையில் இருப்பது வெறும் எண்கள்தான்.

ஆராய்ச்சி நிலையத்து ஜீப்பில், தனசேகரன் என்ற டிரைவரோடு அம்சவள்ளி செவ்வாய்க்கிழமை மத்தியானம் கச்சிராயபாளையம் வந்து சேர்ந்தாள். அங்கே சர்க்கரை ஆலையில் அவளுடைய தம்பி அன்புச்செல்வன் தற்காலிக வேலையில் இருந்தான். மாமா வீட்டில் தங்கியிருந்தான். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க்கு எடுத்தும் இன்ஜினியரிங் சீட்டு நூலிழையில் தவறிப்போனவன். அதன் பிறகு சாதிச் சங்கத்துக் கூட்டம் எங்கே நடந்தாலும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவான் என்று அப்பா சொல்லியிருந்தார். அவர்கள் சாதிக்குத் தனி ஒதுக்கீடு கேட்டு அந்த வாரம் மாவட்டம் முழுக்கச் சாலை மறியல் நடக்கப்போகிறது என்பது அம்சவள்ளிக்குத் தெரியும். அதைப் பற்றி அவள் யாரிடமும் வாய் திறந்து பேசியதில்லை. நிலையத்துக் கேன்டீனில் ஒதுக்கீட்டுப் பேச்சு எழுந்தால் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவாள்.

ஆலை வாசலில் தம்பி அவளைப் பார்த்ததும் சிரித்தான். பிறகு ஜீப்பைப் பார்த்தான்.

“வியாழக்கிழமையிலருந்து ஒரு வாரத்துக்கு ரோடு இல்லக்கா. அதுக்குள்ள எறங்கிடு.”

“இல்லன்னா?”

“இல்லன்னா இல்லதான். நாங்க இருப்போம்.”

டீ குடிக்கும்போது, அவ்வளவு உயரத்துக்கு அனுப்பி என்னத்தைப் பார்த்தீர்கள் என்று கேட்டான். தூசியை என்றாள். இந்த ஊர் ரோட்டில் இல்லாத தூசியா என்று அவன் சிரிக்க, அவளும் சிரித்துவிட்டாள். ஆனாலும் விடாமல் கேட்டான். தூசி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, அது சூடு என்று எப்படித் தெரியும் என்றெல்லாம் கேட்டான். அவன் கேட்ட கேள்விகள் எல்லாம் சரியான கேள்விகளாக இருந்தன. அதுதான் மலையேறும்போது அவள் மனதை அறுத்துக்கொண்டே வந்தது.

கருவி பச்சமுத்து என்ற மலைக்காரரின் கொல்லையில் கிடந்தது. அவர் ஆடு மாடு நெருங்காமல் அதைச் சுற்றி முள் வெட்டிப் போட்டிருந்தார். வெளிச்சட்டம் நசுங்கியிருந்தது, தொலைநோக்கிக் குழாயும் உள்ளே இருந்த கண்ணாடியும் தப்பியிருந்தன. கேமராவின் படச்சுருள் பெட்டியில் ஒரு விரிசல் கூட இல்லை. அம்சவள்ளி அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு அங்கேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள்.

புதன்கிழமை கீழே இறங்கியிருக்க வேண்டும். காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. கொல்லையிலிருந்து ஜீப் நின்ற இடம் வரை செங்குத்தான சரிவு. குழாயை மூங்கிலில் கட்டித் தூக்கியவர்கள் நாலு எட்டு வைப்பதற்குள் வழுக்கினார்கள். பச்சமுத்து, இன்றைக்கு வேண்டாம், கண்ணாடி என்கிறீர்கள், உடைந்தால் யார் பதில் சொல்வது என்று நிறுத்திவிட்டார். அவர் சொன்னது நியாயம்தான். வியாழக்கிழமை விடிந்ததும் வெயில் அடித்தது. நசுங்கிய சட்டத்தை அங்கேயே விட்டுவிட்டு, தொலைநோக்கியையும் மின்கருவிப் பெட்டிகளையும் ஜீப்பின் பின்பக்கம் அடைத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

அடிவாரத்தில் சாலையில் கல் அடுக்கியிருந்தது. தனசேகரன் இறங்கி நகர்த்தினார். கச்சிராயபாளையத்தில் கடைகள் அடைத்துக் கிடந்தன. அதைத் தாண்டி கள்ளக்குறிச்சி ரோட்டில், இருபுறமும் புளியமரம் நிற்கும் இடத்தில், ஒரு பெரிய மரம் சாலைக்குக் குறுக்கே கிடந்தது. வெட்டிய இடம் இன்னும் ஈரமாக இருந்தது. ஐம்பது அறுபது பேர் நின்றிருந்தார்கள். மறியல் செய்கிற கூட்டம் என்றால் சத்தம் இருக்க வேண்டும். இங்கே ஒரு சத்தமும் இல்லை.

கூட்டத்திலிருந்து அன்புச்செல்வன் ஓடி வந்தான். சட்டையெல்லாம் மரத்தூள். முகம் வெளுத்திருந்தது.

மரத்தின் ஓரத்தில் ஒரு பெண் கிடந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். இருசம்மாள் என்றார்கள்; பக்கத்துக் காலனியைச் சேர்ந்தவள். மல்லாட்டை, அதாவது நிலக்கடலைச் செடி பிடுங்கும் கூலி வேலைக்காக வரப்பிலிருந்து சாலைக்கு ஏறியபோது மரம் சாய்ந்திருக்கிறது. அடிமரம் அவளைத் தொடவில்லை. ஒரு பெரிய கிளை இடது காலை நசுக்கிவிட்டது. கிளையை அறுத்து அகற்றி, துண்டால் தொடையை இறுக்கிக் கட்டியிருந்தார்கள். அவளோடு கூலிக்கு வந்த கொளஞ்சியம்மாள் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள்.

கூட்டத்தில் ஆளுக்கொன்று தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸுக்குப் போன மாதிரி என்றார் ஒருவர். காலனிக்குச் செய்தி போய்விட்டால் பொழுது சாய்வதற்குள் இரண்டு பக்கமும் கூரை மிஞ்சாது என்றார் இன்னொருவர். ஒரு வண்டிக்கு வழி விட்டால் எல்லா வண்டிக்கும் விட வேண்டிவரும் என்று ஒரு குரல். இருசம்மாள், “சாமி, தண்ணி” என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“ரம்பத்த ரெண்டு பேரு புடிச்சிக்கினு இருந்தோம்க்கா” என்றான் அன்புச்செல்வன். “ஒருத்தன் நானு. இந்தம்மாவ ஏத்திக்கினு போ.”

ஜீப்பின் பின்பக்கத்தில் ஒரு ஆள் உட்காரக்கூட இடம் இல்லை. தனசேகரன் அவளைத் தனியே கூப்பிட்டு, அரசாங்கச் சொத்தை நடுரோட்டில் இறக்கி வைத்துவிட்டுப் போனால் நாளைக்குத் தன் வேலையும் போகும், அவள் படிப்பும் போகும் என்றார். அம்சவள்ளி கேட்டுக்கொண்டாள். பிறகு பின்கதவை அவளே திறந்தாள்.

தொலைநோக்கியைப் புளியமரத்து நிழலில் வைக்கோல் பரப்பி இறக்கினார்கள். கண்ணாடி இருக்கும் பக்கம் தரையில் படக் கூடாது என்று சொன்னதும் ஒருவர் தன் மேல்துண்டை மடித்து முட்டுக் கொடுத்தார். மின்கருவிப் பெட்டிகளை அதன் பக்கத்தில் வைத்தார்கள். படச்சுருள் பெட்டியை மட்டும் அவள் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

“நான் திரும்பி வர வரைக்கும் இத வுட்டு நவுராத” என்றாள் தம்பியிடம்.

“நீ போக்கா. நான் பாத்துக்கறன்.”

இருசம்மாளையும் கொளஞ்சியம்மாளையும் பின்பக்கம் ஏற்றினார்கள். வரப்பை உடைத்து, கொல்லை வழியாக ஜீப்பை ஆட்களே தள்ளி மரத்துக்கு அந்தப் பக்கம் ஏற்றிவிட்டார்கள். வழி விடக் கூடாது என்றவரும் தள்ளினார்.

கள்ளக்குறிச்சி எல்லையில் போலீஸ் நின்றது. வெளி மாவட்டத்திலிருந்து வந்த படை. பாலத்துக்கு வெடி வைக்கப்போகிறார்கள் என்று அன்றைக்குக் காலையிலிருந்தே வதந்தி. காயம்பட்ட ஆளைப் பார்த்ததும் ஒரு காவலர் விட்டுவிடத்தான் கையை ஆட்டினார். மற்றவர் அம்சவள்ளியின் மடியில் இருந்த பெட்டியைப் பார்த்தார். கறுப்பு டேப் சுற்றிய அலுமினியப் பெட்டி. ஓரத்தில் இரண்டு வயர் அறுந்து தொங்கியது.

திறந்து காட்டச் சொன்னார். உள்ளே இருப்பது கழுவாத படச்சுருள், வெளிச்சம் பட்டால் அத்தனையும் போய்விடும் என்று அவள் சொன்னாள். நிலையத்து அடையாள அட்டையைக் காட்டினாள். அவர் அட்டையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். கெட்ட மனிதராகத் தெரியவில்லை. பயந்த மனிதராகத் தெரிந்தார். இன்ஸ்பெக்டர் வந்துவிடுவார், அவரிடம் சொல்லுங்கள், அவர் போகச் சொன்னால் போங்கள் என்றார். எப்போது வருவார் என்று கேட்டதற்கு, வருவார் என்றார்.

பின்னால் இருசம்மாளின் முனகல் நின்றுபோயிருந்தது. கொளஞ்சியம்மாள் அவள் கன்னத்தில் தட்டித் தட்டிப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். தனசேகரன் முன்கண்ணாடி வழியாகச் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெட்டியை அங்கேயே இறக்கிக் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்றாள் அம்சவள்ளி. அப்படி வைத்துவிட்டுப் போக விடமாட்டோம் என்றார் அவர், அதுதான் பயமே.

அம்சவள்ளி டேப்பின் நுனியை நகத்தால் நெம்பினாள். ஒட்டியவள் அவள்தான், வெளிச்சம் ஒரு துளி புகாதபடி மூன்று சுற்று ஒட்டியிருந்தாள். மூடியைத் திறந்து சுருளை வெயிலில் எடுத்து நீட்டினாள். அவர் அதை வாங்கி, உள்ளே வேறு ஏதாவது சுற்றி வைத்திருக்கிறதா என்று கடைசி வரை உருவிப் பார்த்தார். மஞ்சள் கலந்த சாம்பல் நிறத்தில் அது அவர் காலடியில் சுருண்டு விழுந்துகொண்டே இருந்தது.

“படந்தான்” என்றார். “போங்க.”

மூன்று வருஷ உழைப்பு. அவள் அழவில்லை. ஜீப் ஓடும்போது பின்பக்கம் திரும்பி, கொளஞ்சியம்மாளோடு சேர்ந்து இருசம்மாளின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் காலைப் பார்த்துவிட்டு, பாண்டிச்சேரிக்கு அனுப்பினால் காலைக் காப்பாற்ற முயன்று பார்க்கலாம் என்றார். பாண்டிச்சேரிக்கு ரோடு இல்லை. அன்று சாயங்காலமே முழங்காலுக்கு மேல் எடுத்துவிட்டார்கள். உயிர் நின்றது.

தபால் ஆபீஸிலிருந்து, தன் ஆராய்ச்சிக்கு வழிகாட்டியான பேராசிரியருக்கு டிரங்க் கால் போட்டுச் சொன்னாள். அவர், அந்த அம்மாள் எப்படி இருக்கிறார் என்று கேட்டார். பிழைத்துவிட்டார் என்றாள். இன்ஸ்பெக்டர் வரும் வரை காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டார். தெரியாது என்றாள். எனக்கும் தெரிந்துகொள்ள வழியில்லை, இல்லையா என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அதன் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. அவளிடம் முன்போல உட்கார்ந்து டீ குடித்ததும் இல்லை.

தொலைநோக்கியை எடுக்கத் திரும்பிப் போன தனசேகரன் வெறும் ஜீப்போடு வந்தார். அவர்கள் கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் கச்சிராயபாளையம் பக்கமிருந்து போலீஸ் லாரி வந்திருக்கிறது. கூட்டம் கரும்புக் கொல்லைக்குள் ஓடிவிட்டது. ஒருவன் மட்டும் புளியமரத்தடியில் இரும்புக் குழாய்க்குப் பக்கத்தில் நின்றிருந்தான். ஓடுடா என்று கரும்புக்குள்ளிருந்து கத்தினார்களாம். அவன் நகரவில்லை. இது ஆராய்ச்சிக் கருவி, என் அக்காவுடையது என்று போலீஸிடம் சொல்ல ஆரம்பித்திருக்கிறான். வாக்கியம் முடிவதற்குள் அடி விழுந்திருக்கிறது. வலது மணிக்கட்டு முறிந்தது. தொலைநோக்கி லாரியில் வீசப்பட்டு, கண்ணாடி நொறுங்கி, ஸ்டேஷன் வாசலில் சாட்சிப் பொருளாகக் கிடந்தது.

சாலை திறந்ததும் களமருதூரிலிருந்து கொளஞ்சியப்பன் வந்தார். மாவட்டத்தில் துப்பாக்கிச் சூட்டில் செத்தவர்களின் செய்தி அதற்குள் வந்துவிட்டிருந்தது. மகன் உயிரோடு ஜெயிலில் இருக்கிறான் என்பதே அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்திருக்கும். ஆனால் மகளைப் பார்த்ததும் கோபம்தான் வந்தது.

“எல்லாரும் ஓடிப் பொழைச்சாங்க. எம் புள்ளய ஒரு பொட்டிக்குக் காவலு வச்சிட்டுப் போயிட்டியே நீ.”

நகராதே என்று சொன்னது அவள்தான்.

பெண்ணின் காலை முறித்ததாகவும் அன்புச்செல்வன் மேல் வழக்கு எழுதியிருந்தார்கள். அப்பா அவளையும் இழுத்துக்கொண்டு வார்டுக்குப் போனார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். மரம் அறுத்தவன் யார் என்று பார்க்கவில்லை என்று இருசம்மாள் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்பதை அவர் சுற்றி வளைத்துச் சொன்னார். அவள் போர்வைக்குள் கால் இல்லாத இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பாத்தத பாத்தன்னுதாங்க சொல்லுவன்” என்றாள்.

அப்பா பழத்தை வைத்துவிட்டு விருட்டென்று வெளியே போய்விட்டார். அம்சவள்ளி கட்டில் ஓரத்தில் நின்றாள். என்ன பார்த்தாய் என்று கேட்கவில்லை. தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

நிலையத்துக்குத் திரும்பிய பிறகு அந்த எண்களைத் தூக்கிப் போடும்படி யாரும் சொல்லவில்லை. வைத்திருக்கவும் யாரும் சொல்லவில்லை. அவள் அவற்றோடு ஒரு வருஷத்துக்கு மேல் உட்கார்ந்தாள். தொலைநோக்கி ஆடியாடி ஒரே இடத்தைப் பலமுறை கடந்திருக்கிறது. பால்வீதி மையத்தின் உச்சத்தைக் கடக்கும்போதெல்லாம் எண்கள் ஒரே மாதிரி ஏறி இறங்கின. அதை நிலையான ஆணியாக வைத்துக்கொண்டு, ஒரு முறை கடந்தபோது வந்த எண்களை அடுத்த முறையின் எண்கள் மேல் நகர்த்தி நகர்த்திப் பொருத்தினாள். பாதிக்கு மேல் பொருந்தவே இல்லை. பொருந்தியதில் ஒரு படம் வந்தது. மையத்தைச் சுற்றி வளையமாக வெதுவெதுப்பான தூசி, ஒரு பக்கம் கொஞ்சம் திரண்டு, ஓரங்கள் எல்லாம் கலங்கி. அது வெளிவந்தபோது வெளிநாட்டுக் குழு ஒன்று விமானத்தில் தொலைநோக்கி வைத்துத் துல்லியமான படமே எடுத்துவிட்டிருந்தது. அவள் படத்தை யாரும் தவறு என்று சொல்லவில்லை. யாருக்கும் அது தேவைப்படவும் இல்லை. பட்டம் கிடைத்தது.

அன்புச்செல்வன் கடலூர் ஜெயிலிலிருந்து ஜாமீனில் வந்தான். மணிக்கட்டு கோணலாகச் சேர்ந்திருந்தது. பேனாவைப் பிடித்துக் கொஞ்சம் எழுதினாலே வலித்தது. 1989இல் ஒதுக்கீட்டு உத்தரவு வந்தபோது ஊரில் வெடி வெடித்தார்கள். அவனையும் தோளில் தூக்கினார்கள். வழக்கு நிலுவையில் இருந்ததால் ஆலை அவனைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அப்பாவோடு நெல் வயலில் இறங்கினான். அக்காவிடம் கோபம் எதுவும் காட்டவில்லை. கோபம் காட்டினால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

வழக்கு வாய்தா வாய்தாவாகத் தள்ளிப்போனது. ஒவ்வொரு முறையும் இருசம்மாள் கட்டையை ஊன்றிக்கொண்டு கள்ளக்குறிச்சி கோர்ட்டுக்கு வந்து, வேப்பமரத்தடியில் காத்திருந்துவிட்டு, சாட்சி சொல்ல அழைப்பு வராமல் திரும்பிப் போனாள். பிறகு போராட்ட வழக்குகளையெல்லாம் அரசு மொத்தமாகத் திரும்பப் பெற்றது. அன்றைக்கு அம்சவள்ளியும் வந்திருந்தாள். உள்ளே ஒரு காகிதத்தைப் படித்தார்கள், முடிந்துவிட்டது. சங்கத்துக்காரர்கள் மாலை கொண்டுவந்திருந்தார்கள்.

அன்புச்செல்வன் மாலைக்குக் குனியாமல் நேராக வேப்பமரத்தடிக்குப் போனான். அம்சவள்ளி பின்னாலேயே போனாள். கொளஞ்சியப்பன் கோர்ட்டுப் படியிலேயே நின்றுவிட்டார்.

அவன் இருசம்மாளின் எதிரில் போய் நின்றான். அவள்தான் முதலில் கேட்டாள்.

“வழக்கு இல்லன்னு ஆயிடிச்சாமே.”

“ஆமாம்மா.”

“அப்ப என்னியக் கூப்புட மாட்டாங்க.”

“கூப்புட மாட்டாங்க.”

அவள் கட்டையைத் தோளுக்கடியில் சரிசெய்துகொண்டாள்.

“ரெண்டு வருசமா நெஞ்சுல வெச்சிக்கினு இருந்தன். ஒங்கிட்டயே சொல்லிட்றன் தம்பி. மரத்த அறுத்தது நீ. சாயும்போது, ஓடும்மா ஓடுன்னு கத்துனதும் நீதான். மத்தவன் எவனும் வாயத் தொறக்கல. நீ கத்தலன்னா மரம் என் தல மேல வுழுந்திருக்கும். ரெண்டயும் சொல்லியிருப்பன். ஒன்ன வுட்டு ஒன்னு சொல்லியிருக்க மாட்டன்.”

அவன் கத்தியது அம்சவள்ளிக்கு அதுவரை தெரியாது. தம்பி ஒருபோதும் சொன்னதில்லை. அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். கோணல் மணிக்கட்டை இன்னொரு கையால் பிடித்திருந்தான்.

“உள்ள சொல்லணும்னுதான் வந்தன்” என்றாள் இருசம்மாள். “இங்க சொல்லி இன்னா.”

கச்சிராயபாளையம் பஸ் வந்து நின்றது. அவன் கை கொடுக்கப் போனான். அவள் கையை வாங்கிக்கொள்ளவில்லை. முறைக்கவும் இல்லை. கட்டையை முதலில் படியில் வைத்து, கம்பியைப் பிடித்து ஏறினாள். கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் நகர்ந்த பிறகும் அன்புச்செல்வன் அங்கேயே நின்றான். மாலையோடு வந்தவர்கள் கொஞ்சம் தள்ளியே காத்திருந்தார்கள்.